தலைவி கூற்று

மக்கள் நினைவுப் பகிர்வு மையத்திடம் அந்த நோட்டை நான் கொடுத்ததற்குக் காரணம், அங்கே கொடுத்தால் அது யார் கண்ணிலும் படாது என்ற நம்பிக்கைதான்.

வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை. எரித்துவிடலாம் என்று ஒரு நாள் அடுப்பைப் பற்றவைத்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு அணைத்துவிட்டேன். அந்த வாரம் மையத்தின் வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. உங்கள் அலமாரியில் தூங்கும் வரலாற்றைத் தட்டி எழுப்புவோம் என்று ஒலிபெருக்கி சொன்னது. மையத்தின் கட்டடம் நான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. முகப்பில் உள்ள கடிகாரம் ஆறு வருடமாக நாலேகால் காட்டுகிறது. இவர்களிடம் கொடுத்தால் கிணற்றில் போட்ட கல்தான் என்று எனக்குத் தோன்றியது.

நோட்டு என் மனைவியுடையது. என்னுடையதும்தான்.

நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு ஷிப்ட். அவள் கண்ணாடிக் கடையில் பகல் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம் எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். போனில் செய்தி அனுப்பினால் நான் கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறேன் என்று அவள்தான் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி, நூல் கட்டி, பிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கவிட்டாள். காலையில் எழுதிவிட்டுப் போவாள். நான் வந்து செய்துவிட்டு டிக் போட வேண்டும். "படிச்சா டிக் கிடையாது. செஞ்சு முடிச்சாத்தான் டிக்" என்று விதியும் சொன்னாள்.

என் வேலையும் டிக் போடுவதுதான். மணிக்கு ஒரு முறை குளோரின் அளவு பார்த்துப் பதிவேட்டில் டிக் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்துவிட்டுப் போட்டேன். பிறகு போட்டுவிட்டுப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால் அது நல்ல தண்ணீர்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரி இருந்தது. செவ்வாய்க்கிழமை எழுதியது.

பால் ரெண்டு.
கேஸ்காரர் வருவார்.
குடை எடுத்துட்டுப் போங்க.
நெஞ்சு வலிக்குது.
நாளைக்கு லீவு போட முடியுமா?

முதல் வரியை மட்டும் படித்தேன். மொத்தத்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழாக நீளமாக ஒரு டிக் போட்டேன். பால் வாங்கி வைத்துவிட்டுத் தூங்கினேன். சாயங்காலம் அவள் வருவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பினேன். அவள் வந்து டிக்கைப் பார்த்திருக்கிறாள். தன் கடையிலும் மறுநாளைக்கு லீவு சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை காலை என்னை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை அடுத்த ஷிப்டையும் நானே பார்த்தேன். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் கூடத்து நாற்காலியில், வெளியே போகும் உடையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பு போட்டிருந்தாள். உடம்பு ஆறிப்போயிருந்தது.

அந்தப் பக்கத்தை நான் முழுதாகப் படித்தது எட்டாம் நாள்.

அத்தையிடம், அதாவது அவள் அம்மாவிடம், நான் இதைச் சொல்லவில்லை. திடீரென்று ஆகிவிட்டது என்றேன். டாக்டரும் அதையே சொன்னார். அத்தை ஞாயிறுதோறும் வருவார். வீட்டைப் பெருக்குவார், சமைப்பார், சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்காருவார். "நீங்க என்ன மாப்பிள்ளை பண்ணுவீங்க? சொன்னாத்தானே தெரியும்? சின்ன வயசிலருந்தே அழுத்தக்காரி" என்பார். சில நாள் மகள் படத்தைப் பார்த்தே திட்டுவார். நான் குனிந்து சாப்பிடுவேன். பழி செத்தவளுக்கு, சாப்பாடு எனக்கு.

மையத்தில் நோட்டை வாங்கிக்கொண்டவர் பதிவாளர் அம்மா. மேஜையில் மூன்று முத்திரைகள் இருந்தன. என்னை உட்காரச் சொல்லி, எனக்குப் 'பகிர்வோர்' என்ற வில்லையைக் குத்திவிட்டு, உணர்வு விவரப் படிவம் என்று நான்கு பக்கம் நீட்டினார். இப்பொருளைக் காணும்போது கண்ணீர் வருமா என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை, விசேஷ நாட்களில் மட்டும் என்று மூன்று கட்டங்கள். கடைசியில் 'பொருளின் கதை' என்று அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். நான் 'இல்லை' என்று எழுதினேன்.

"கதை இல்லாத பொருளை நாங்க எடுக்கறதில்ல சார்."

"எழுதியிருக்கேனே."

அவர் பார்த்தார். எழுத்து இருந்தது. முத்திரை குத்தினார்.

மூன்று மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மறைந்த கவிஞரின் 'இல்லை' என்ற கவிதைத் தொகுப்பு, மையத்தின் நிரந்தர அரங்கில் நடுநாயகப் பொருளாகத் தேர்வு செய்யப்பட்டிருப்பதாகவும், திறப்பு விழாவில் கவிஞரின் தாயார் முன்வரிசையில் அமர்த்தப்படுவார் என்றும் அதில் இருந்தது. படிவத்தில் நெருங்கிய உறவினர் முகவரி கேட்ட இடத்தில் நான் அத்தையின் முகவரியை எழுதியிருந்தேன். அவருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது.

ஆறு வருடத்தில் அந்த அலுவலகம் செய்து முடித்த முதல் வேலை அதுதான் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் தூங்காமல் நேரே மையத்துக்குப் போனேன். இயக்குநர் எழுந்து நின்று இரு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பின்னால் சுவரில் பெரிதாக ஒரு டிக் மாட்டியிருந்தது. மேலே கொஞ்சம் தடித்து, கீழே வரும்போது மெலிந்து, முடிவில் பேனா தடுக்கிய இடத்தில் ஒரு சின்னப் பிசிறு. என் டிக்.

"நம்ம புது இலச்சினை. நாலு நிறுவனம் வரைஞ்சு கொடுத்துச்சு, எதுவும் மனசுல ஒட்டல. இதைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டோம்" என்றார். மக்கள் கேட்கிறார்கள், மையம் ஆமாம் என்கிறது, அதுதான் பொருளாம். துணிப்பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊழியர்களின் சட்டைப் பையிலும் அது வந்துவிட்டது. எனக்கும் ஒரு பை கொடுத்தார்.

நோட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். முழுசாக இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தை மட்டும்.

அவர் சிரித்தார். பகிர்ந்ததைத் திரும்பக் கேட்டால் அது பகிர்வே ஆகாது, இரவல் ஆகிவிடும் என்றார். ஆனாலும் வழி இருப்பதாகவும், சமூகம் சம்மதித்தால் தரலாம் என்றும் சொன்னார்.

"சமூகம் எங்க இருக்கு சார்?"

"மாசத்துல மூணாவது சனிக்கிழமை, ரெண்டாவது மாடியில."

சமூகம் என்பது ஏழு பேர் கொண்ட குழு. உள்ளூர்க்காரர்களைப் போட்டால் பாரபட்சம் வரும் என்று எல்லோரையும் வெளியூரிலிருந்து போட்டிருந்தார்கள். வந்துபோகிற செலவை மையம் பகிர்ந்துகொண்டது.

சனிக்கிழமை அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் எனக்கு முன்பே எங்கள் தெரு இஸ்திரிக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில், மையத்துக்குக் கொடுக்கக் கொண்டுவந்த பெரிய பிஸ்கட் டப்பா. முப்பது வருடமாக இஸ்திரிக்கு வந்த துணிகளின் பைகளில் கிடைத்து, யாரும் திரும்பக் கேட்காதவை அதில் இருந்தன. பஸ் டிக்கெட், பால் பல், ஒற்றைத் தோடு, தேர்வு எண் எழுதிய சீட்டு, அனுப்பாத காதல் கடிதம் மூன்று. எந்தச் சீட்டு எந்த வீட்டுச் சட்டையில் இருந்தது, அந்த வருடம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரத்தில் எங்கள் தெருவைப் பற்றி எனக்குத் தெரியாதது எல்லாம் தெரிந்தது.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நாலு நிமிடத்தில் டப்பாவோடு வெளியே வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"சொந்தக்காரன் யாருன்னு தெரியாத பொருளை மக்களோடதுன்னு எப்படிய்யா எழுதறதுன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான் தம்பி. நான்தான் படிக்காதவன்." டப்பாவைத் தட்டிக்கொண்டே மாடிப்படி இறங்கினார்.

என்னை உட்காரவைத்தார்கள். மையத்தின் தமிழ் ஆலோசகர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கடைசிப் பக்கத்தின் படத்தைத் திரையில் போட்டார். குழுவில் இருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

"பால் ரெண்டு. பால் தூய்மை. ரெண்டு யார்? தலைவனும் தலைவியும். கேஸ்காரர் வருவார். எரிபொருள் வருகிறது, தலைவன் வரவில்லை. குடை எடுத்துட்டுப் போங்க. தான் நனைந்தாலும் அவன் நனையக் கூடாது. அடுத்து உச்சம். நெஞ்சு வலிக்குது. இரண்டே சொல்."

"சார், அது நெஞ்சு வலி" என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இல்ல சார். நெசமாவே வலி."

"பொய் வலியில இப்படி எழுத முடியுமா தம்பி?" அவர் திரைக்கு அருகில் போய் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். தன் முடிவையும் அறிவித்தார். இது தலைவி கூற்று. துறை, தலைவன் வரவு நீட்டித்தவழித் தலைவி வருந்திக் கூறியது.

நான் வந்தது மறுநாள் மதியம் ஒரு மணிக்கு. துறை சரிதான்.

இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவள் டாக்டரிடம் போகத்தான் லீவு கேட்டாள், நான் படிக்காமல் டிக் போட்டேன். சொல்லியிருந்தால் படத்தைத் திரையிலிருந்து எடுத்திருப்பார்கள். வாய் வரை வந்தது. தண்ணீர் குடித்தேன். பாட்டிலிலும் டிக் இருந்தது.

பக்கத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று குழுத் தலைவர் கேட்டார். அது சொந்த விஷயம் என்றேன். சொந்த விஷயம் இல்லாத எதையும் இந்த மையம் காட்சிக்கு வைக்காது என்று அவர் நினைவுபடுத்தினார். பிறகு என் தன்னடக்கத்தைப் பாராட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். டிக் யார் போட்டது என்று ஒருவர் கேட்டார். நான் என்றேன். தலைவி கூற்றும் தலைவன் கூற்றும் ஒரே பக்கத்தில் இருப்பது அபூர்வம் என்று ஆலோசகர் எழுந்துவந்து எனக்குத் துண்டு போர்த்தினார்.

படியிறங்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. நான் பயந்திருக்கவே தேவையில்லை. கவிதை என்று சொல்லிவிட்டார்கள். இனி அதை யாரும் படிக்க மாட்டார்கள். ரசிக்க மட்டும் செய்வார்கள். சுவர் அளவு பெரிதாக எழுதி வைத்தாலும் அதில் என் குற்றம் தெரியாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். அவள் போன பிறகு அவ்வளவு நேரம் தூங்கியது அன்றுதான். இதை எழுதக் கூசுகிறது.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை நல்ல உடை உடுத்தி, வாசலில் கொடுத்த 'கவிஞரின் தாயார்' வில்லையைக் குத்திக்கொண்டு, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரங்கின் நடுவில் கண்ணாடிப் பெட்டியில் நோட்டு. நூல்கூட அப்படியே இருந்தது. சுவரில் ஐந்து வரியும் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

இயக்குநர் பேசினார். "மக்கள் இல்லாமல் இந்த மையம் இல்லை. அதனால்தான் வரவேற்புக் குழு முதல் நன்றியுரைக் குழு வரை, மக்களுக்குச் சிரமம் கொடுக்காமல் எல்லாவற்றிலும் நாங்களே இருந்துகொண்டோம். இந்த அரங்கம் நிற்கும் இடத்தில் பதினோரு வீடுகள் இருந்தன. அவர்கள் தங்கள் இடத்தையே நம்மோடு பகிர்ந்துகொண்டார்கள். இன்று அவர்களை மேடையில் கௌரவிக்க நினைத்தோம். முகவரி கிடைக்கவில்லை."

பலமான கைதட்டல். பிறகு ஒரு பாடகி வந்து ஐந்து வரியையும் இசையமைத்துப் பாடினார். பால் ரெண்டு என்பதைப் பல்லவியாக வைத்திருந்தார். திரும்பத் திரும்பப் பால் ரெண்டு வந்தது. நெஞ்சு வலிக்குது என்ற இடத்தில் வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை அழுதார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். "கவிதையெல்லாம் எழுதியிருக்கா பாருங்க. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? இதையும் மறைச்சிருக்கா. என்ன பொண்ணு மாப்பிள்ளை இவ, எதையுமே வாயைத் திறந்து சொல்லாம போய்ட்டா."

சுவரில் அவள் சொன்னது ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு அவள் அம்மா அவள் சொல்லவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்தால் இனி ஒவ்வொரு ஞாயிறும் இதையும் சேர்த்துத் திட்டுவார்.

அந்த நேரத்தில் பதிவாளர் அம்மா மைக்கைக் கொண்டுவந்து, டிக்கின் உட்பொருள் பற்றித் தலைவன் இரண்டு நிமிடம் பகிர்வார் என்று அறிவித்தார்.

எழுந்தேன். சபையைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துப் பேசினேன்.

"அது கவிதை இல்ல அத்தை. அவளுக்கு நெஞ்சு வலி. டாக்டர்கிட்டப் போக என்னை லீவு போடச் சொன்னா. நான் படிக்காம டிக் போட்டேன். நான் வருவேன்னு நம்பி மறுநாள் கிளம்பி உக்காந்திருந்தா. நான் லீவு போடல. எனக்குத் தெரியவே தெரியாது."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. ஆலோசகர் கண்களைத் துடைத்துக்கொண்டு, கையறுநிலை, கையறுநிலை என்றார். இதுதான் பகிர்வு என்று இயக்குநர் பக்கத்து மைக்கில் கத்தினார். கேமராக்காரர் என் முகத்துக்கு அருகில் வந்தார்.

அத்தை தட்டவில்லை. உட்கார்ந்தபடியே சுவரில் இருந்த ஐந்து வரியையும் விரலால் காற்றில் தொட்டுத் தொட்டுப் படித்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கிழமை எழுதினது?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை ராத்திரி எனக்கு போன் பண்ணினா." கைதட்டல் அடங்கும்வரை பொறுத்தார். "அவரு நாளைக்கு லீவு போட்டிருக்காரும்மா, ரெண்டு பேரும் வெளிய போறோம்னா. அவ்ளோ சந்தோஷமா சொன்னா. எங்க போறீங்கன்னு நான் கேக்கல. சினிமாவுக்குன்னு நெனச்சேன்."

என் கையில் மைக் இன்னும் இருந்தது. அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டிருந்தது.

பதிவாளர் அம்மா ஓடிவந்தார். "அம்மா, ரொம்ப நல்லா இருந்துச்சு. பதிவுல சரியா விழல. எங்க போறீங்கன்னு நான் கேக்கலங்கற இடத்திலருந்து இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

அத்தை அவரைப் பார்த்தார். தன் வில்லையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். பூட்டுக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லையாம், சும்மாதான் மூடியிருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, அது மக்களோட சொத்து" என்றார் இயக்குநர்.

"என் மகளோடது" என்றார் அத்தை. இயக்குநர் அதை மகிழ்ச்சியோடு கைதட்டி ஆமோதித்தார். நிகழ்ச்சியின் அடுத்த பகுதி என்று நினைத்துவிட்டார்.

வாசலில் யாரும் தடுக்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தம் வரை அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அது அந்த அரங்கத்தில் ஏற்கெனவே கைதட்டல் வாங்கியதாக இருந்தது.

"அத்தை" என்றேன்.

"இப்ப எதுவும் சொல்லாதீங்க. கேக்கற நெலமையில நான் இல்ல."

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அத்தை இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் நோட்டை வைத்தார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.